அப்பா ஆற்றில் விழுந்த விஷயம்

யார்க், நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பெத்தனிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம்தான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது. நீயும் வான்கூவர் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் இதைப் பேச வழியில்லை, மணி அடித்தாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இப்போது மாடியில் தூங்குகிறார், சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் டைலர் லண்டன் வேலைக்கு நடுவில் இங்கே வந்து தங்கிவிட்டுப் போனான், தங்கமான பையன், நான் செய்த யார்க்‌ஷயர் புட்டிங்கைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத் தெரியாத கல்லு இந்த ஊர்ல உண்டா மாப்ளே, அந்த வழிகாட்டிப் புஸ்தகத்தை மூடி வை என்று சொல்லி நேற்று அவனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மின்ஸ்டர் பேராலயம், கோட்டைச் சுவர், ஷாம்பிள்ஸ் தெரு எல்லாம் முடித்து ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார்கள். மேற்கே பெய்த மழையில் ஊஸ் ஆறு பொங்கிக் கரைமேல் ஏறிவிட்டது. நம் ஊர்க்காரர்கள்தான் தெரியுமே, வெள்ளம் என்றால் முழங்கால் பூட்ஸைப் போட்டுக்கொண்டு திருவிழா மாதிரி வேடிக்கை பார்க்கப் போவார்கள். கரையோர மதுக்கடைச் சுவரில் பழைய வெள்ளங்களின் அளவைக் குறித்து வைத்திருக்கிறார்களே, அதைக் காட்டியே தீருவேன் என்று அப்பா தண்ணீரில் இறங்கிவிட்டார். டைலர் தயங்கினானாம். கணுக்கால் தண்ணிதான்யா, கனடாக்காரனுக்கு இதுக்கே உதறுதா என்று கிண்டல் வேறு. படித்துறை விளிம்புக்கு முன்னால் நகராட்சி கட்டியிருந்த சிவப்பு வெள்ளை எச்சரிக்கை நாடா அவர் நெஞ்சில் பட்டு அறுந்ததாம். அப்போதும் நிற்கவில்லை. அடுத்த அடியில் ஆளைக் காணோம். டைலர் பாய்ந்து கோட்டுக் காலரைப் பிடித்திருக்கிறான், கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும் பெத்தனி. யாரோ ஒருவருடைய கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்று, ஊஸ் ஆத்துல எனக்கு இன்னொரு ஞானஸ்நானம் ஆச்சு நோரீன் என்று சிரிக்கிறார். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியமும் வாங்கிவிட்டார்.

இன்று காலை ரயிலுக்குப் போகும் முன் டைலர் எனக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுத்தான், அப்போதுதான் மெதுவாக ஆரம்பித்தான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க என்றான். மின்ஸ்டரில் ஒரு சன்னலுக்கு முன்னால் அவனை நிறுத்தி, அந்த நீலத்தப் பாரு, அந்தத் தேவதையோட செறகப் பாரு என்று அப்பா வெகுநேரம் விளக்கினாராம். அந்தச் சன்னலைச் சுத்தம் செய்வதற்காகக் கழற்றியிருக்கிறார்கள், அங்கே தொங்குவது சாம்பல் நிறத் துணி மட்டும். நம் ஊர்க் குறும்பு என்று நினைத்து அவன் சிரித்து வைத்தானாம். கோட்டைச் சுவரில் உட்பக்கம் கைப்பிடி இல்லாத இடத்தில் எல்லாம் அப்பா அவன் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம், மாமனாருக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்தானாம். அறுந்த நாடாவைப் பார்த்த பிறகுதான் எல்லாம் புரிந்தது என்றான்.

போன வருஷத்திலிருந்து வெளியே போனால் அப்பா என் கையைப் பிடித்துக்கொள்கிறார், வயதானதும் பாசம் கூடிவிட்டது என்று நான் பூரித்துப் போய் பக்கத்து வீட்டு டோரத்தியிடம் பீற்றிக்கொண்டேன். இந்த ஊர் அவருக்கு மனப்பாடம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. கண் டாக்டர் என்று வாயைத் திறந்தேன், எங் கண்ணுக்கு என்னடி கேடு என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். இதே கண்ணோடு தினமும் கார் ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது மலைப்பாதை வழியாக மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு அவரே வரப்போகிறாராம், இருட்டில், பனியில். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டால்கூடப் பயமாக இருக்கிறது. கார் சாவியை ஒளித்துவைத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிடும், அதற்கும் பயமாக இருக்கிறது. நீ உடனே அவரைப் போனில் கூப்பிட்டு, நான் ரயில் டிக்கெட் வாங்கிவிட்டேன், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வந்த பிறகு டாக்டரிடம் நீயே கூட்டிப்போ, நீ சொன்னால்தான் கேட்பார்.

கடவுள் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். டைலரை விட்டுவிடாதே, அவன் நல்லவன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வீட்டுக்கு வந்ததும் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு வாசலில் பேசாமல் நிற்காதே, கேட்டைத் திறக்கும்போதே அப்பா என்று சத்தமாகக் கூப்பிட்டுவிடு. வந்திருப்பது யார் என்று அவர் என்னைக் கேட்கும்படி வைத்துவிடாதே.

உன் அம்மா,
நோரீன்