கிடங்கில் நிற்கும் உங்கள் தேயிலைப் பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கடைசிவரை பார்க்காத கடலைப் போன மாதம் அம்மாவும் நானும் பார்த்து வந்தோம். பதுளையில் ரயில் ஏறி, ஒரு துறைமுக நகரத்துக்குப் போனோம். அங்கே கரையோரத்துப் பழைய சரக்குக் கிடங்கைப் பழுது பார்த்து, வெள்ளையடித்து, கடல்சார் மரபுரிமை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர்கள், பிழையைத் திருத்திக்கொண்டார்கள்.

உள்ளே நங்கூரம், பீரங்கி, கப்பல் தலைவர்களின் படங்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, தோட்ட வேலைக்கு மலை ஏறிய நம் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மூலை. ஒரு கப்பல் தலைவரின் தொப்பிக்கு முழு அலமாரி.

அந்த மூலையில்தான் உங்கள் பெட்டி இருந்தது. ஏற்றுமதிக்கு வந்து, எப்படியோ கப்பல் ஏறாமல் கிடங்கிலேயே தங்கிவிட்டதாம்.

ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிக்கு அடையாளம் போடுவது உங்கள் வேலை. எழுத்து வெட்டிய தகரத் தகட்டைப் பெட்டிமேல் வைத்து, கறுப்பு மையைத் தேய்க்க வேண்டும். ஒரு நாள் தகட்டைப் புறம் மாற்றி வைத்துவிட்டீர்கள். இருபது பெட்டிகளில் தோட்டத்தின் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நின்றது. ஃபெக்டரியை நடத்திய டீமேக்கர் அன்றைய கூலியில் பாதியை வெட்டினார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த நம் லயத்தில் சாகும்வரை நீங்கள் ‘கண்ணாடி ராமையா’.

அருங்காட்சியகப் பலகையில் வேறு மாதிரி எழுதியிருந்தது. கடற்கொள்ளையரை ஏமாற்ற ஐரோப்பிய வணிகர் கையாண்ட இரகசிய எழுத்தாம். ஒரு பேராசிரியரின் விளக்கமும் இருந்தது. கடற்கொள்ளையர் மலைமேல் நம் பெட்டிகள் ரயிலேறும் ஹாலிஎல ஸ்டேஷன்வரை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேசாமல் திரும்பியிருக்கலாம். ஐரோப்பியரின் தந்திரம் என்றால் மரியாதை. உங்கள் தவறு என்றால் சிரிப்பு. லயம் சிரித்தது போதாதா, நாடே சிரிக்க வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா பொறுப்பதிகாரியிடம் போய்விட்டாள்.

“இது எங்க வீட்டுக்காரரு போட்டதும்மா.”

அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண். “அம்மா, கோவிக்காதேங்கோ. ஆதாரம் ஏதும் இருக்கோ?”

“பெட்டியத் திருப்பிப் பாருங்க. அந்தப் பக்கம் சரியாப் போட்டிருப்பாரு. இருபதுக்கும் மறுபடி போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு.”

இரண்டு ஊழியர்கள் பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்தினார்கள். அங்கே தோட்டத்தின் பெயர் நேராக, ஒரு துளி மை வழியாமல் இருந்தது. அந்தப் பெண் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இப்படிச் சுத்தமாகப் போடுகிறவர் எப்படித் தகட்டை மாற்றி வைத்தார் என்று கேட்டார்.

அம்மா என்னைக் காட்டினாள்.

“இவ பொறந்திருக்கான்னு ஆள் வந்து சொல்லிச்சு. அந்தச் சந்தோசத்துல வச்சிட்டாரு. கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கக் கலக்கம்னு சொல்லிட்டாரு. வந்த அன்னிக்கே கூலியத் தின்னவளுன்னு பொம்பளப் புள்ளய ஏசுவாங்கன்னு அவருக்குப் பயம்.”

ராசியில்லாதவள் என்று ஒருவரும் சொல்லாமல் நான் வளர்ந்தேன். அது தானாக நடந்தது என்று நினைத்திருந்தேன். உங்களைக் கண்ணாடி என்று நானும் கேலி செய்திருக்கிறேனே, அப்போதுகூடச் சொல்லத் தோன்றவில்லையா அப்பா? எப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்?

இப்போது இரண்டு பக்கமும் தெரியும்படி பெட்டியை நடுவில் வைத்திருக்கிறார்கள். மூன்று மொழியிலும் புதிய பலகை: ‘அடையாளம் போட்டவர் ராமையா, ஹாலிஎல. ஒரு பக்கம் பிழை. அன்று அவருக்கு மகள் பிறந்தாள்.’ பேராசிரியர் இன்னும் மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். உழைப்பாளி.

நன்றி அப்பா. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அங்கே போவேன். உங்கள் பிழைக்கு இதைவிடப் பெரிய காரணத்தை யாராவது கண்டுபிடித்து வந்தால், பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, ஆதாரம் நான்தான் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
அந்தப் பிழைக்குக் காரணமான
உங்கள் மகள்