பட்டாணியின் கவுன் துணியில் ஒரு பொம்மை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை கண்ணு, அதனால் நேராகவே கேட்கிறேன், இன்றைக்கு ஒரு வாயாவது சாப்பிட்டாயா? மாப்பிள்ளை போனில், அவ சாப்பிடறதும் இல்ல, அழறதும் இல்ல அத்தை, பொம்மை எப்ப வரும்னு மட்டும்தான் கேக்கறா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நீயோ நான் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. அதுதான் பேனாவைப் பிடித்து உட்கார்ந்தேன், கடிதம் என்றால் நடுவில் என் பேச்சை வெட்ட உன்னால் முடியாதல்லவா.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. என் பேத்தி பட்டாணிக்கு நான் தைத்து அனுப்பிய கவுன்கள் எல்லாவற்றையும் துவைக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறாய், நல்ல வேலை செய்தாய். மஞ்சள் கவுனின் கழுத்தில் அவள் சிந்திய பால் கறை இருக்கிறது, வாத்து உருவத்தில் பை வைத்த நீலக் கவுனின் பைக்குள் ஒரு கடித்த பென்சில் துண்டு இருந்தது. இதையெல்லாம் வெட்டி ஒரு பொம்மை தைத்துக் கொடும்மா என்று நீ கேட்டதை அப்பாவிடம் சொன்னேன், மனிதர் ஒரேயடியாகக் குதித்தார். வேண்டவே வேண்டாம், அதைத் தூக்கி வச்சுக்கிட்டு அவ ஒரு மூலையில உக்காந்துடுவா, பேத்தியும் போய் எனக்கு இருக்கிற பொண்ணும் போயிடும் என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை, எனக்கும் அதே பயம்தான். ஆனால் பெற்றவள் கேட்டதை இல்லை என்று சொல்ல நான் யார்? முடிக்குக் கறுப்புக் கம்பளி நூல் வாங்கப் போனேன். நூல் கடைக்காரி, பேத்திக்கா, எத்தனை வயசு என்று கேட்டாள், நாலு என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்று எப்படியம்மா சொல்வேன்? அவள் ஒரு சிவப்பு ரிப்பனைச் சும்மாவே வெட்டிக் கொடுத்து, பாப்பாவுக்கு ஒரு முத்தம் குடுத்தேன்னு சொல்லுங்க என்றாள். வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன், பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஊருக்கெல்லாம் வெட்டித் தைக்கிற கை இது, ஆனால் மஞ்சள் கவுனை மேஜையில் விரித்துக் கத்தரிக்கோலை வைத்தால் கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தபோது கீழ் ஓரத்தில் விரலுக்குக் கனமாகத் தட்டியது. என் வேலைதான். நீ போனில் சொன்ன அளவுக்கு வெட்டினாலும், பிள்ளை மளமளவென்று வளர்வாளே, வளர வளர இறக்கி விடட்டும் என்று ஒவ்வொரு கவுனிலும் உள்ளே துணி மடித்து விட்டுத் தைத்திருக்கிறேன். தையலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த துணி வெயிலும் படாமல் கறையும் படாமல் கடையில் வாங்கினது மாதிரி புத்தம் புதுசாக இருந்தது. அவள் வளர்வாள் என்று வைத்த துணி அது. அவள் உடுத்தின பாகத்தில் கத்தரி படவே கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். எல்லாக் கவுனிலும் மடிப்பை மட்டும் வெட்டியெடுத்து, பட்டை பட்டையாக ஒட்டுப் போட்டுத்தான் இந்தப் பொம்மையைத் தைத்தேன். கவுன்களுக்கு ஓரம் அடித்துப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன், அவை உன்னுடையவை.

முகம் தைக்கும்போது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குதித்த மனிதர்தான், ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தார். பட்டாணி போனில் வந்தாலே திரையை ஒட்டி வந்து மூக்கை மட்டும்தானே காட்டுவாள், அந்த ஞாபகத்தில் நான் மூக்கை முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தைத்துவிட்டேன். அதைப் பார்த்து அப்பா சிரித்தார், அவளேதான் என்றார், பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுத அழுகையை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

பஞ்சு அடைக்க உட்கார்ந்தபோதுதான் திகைத்துப் போனேன். எவ்வளவு அடைப்பது? இறுக்கியா, தளர்வாகவா? கையில் எடுத்தால் எத்தனை கனம் இருக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லையே அம்மா. அடுத்த லீவுக்கு வருகிறோம், அடுத்த லீவுக்கு வருகிறோம் என்று அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் சொல்லச் சொல்லத் தள்ளிப்போய், என் பேத்தியை நான் ஒரு தடவைகூடத் தூக்கவில்லையே. தோள் அகலம் தெரியும், இடுப்புச் சுற்று தெரியும், உயரம் தெரியும், அவள் தோளில் சாய்ந்து தூங்கினால் எப்படி இருப்பாள் என்று மட்டும் தெரியாது. கொஞ்சம் அடைத்துப் பார்த்தேன், எடுத்தேன், மறுபடி அடைத்தேன், கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதுகுத் தையலைத் திறந்தபடியே வைத்துவிட்டேன்.

அதனால் பொம்மையைத் தபாலில் அனுப்பப் போவதில்லை, கோபப்பட்டால் பட்டுக்கொள். நீ கிளம்பி வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான், அவர் தட்டில் என்ன விழுகிறது என்று நீ பார்க்கிறாயா? குளிருக்குப் போர்த்திக்கொண்டு வா. சமைக்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம், நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.

பெற்ற வயிறு எரிந்தாலும் ஆசீர்வாதம் செய்கிறேன், நீ நீடூழி இரு, எனக்குப் பின்னாலும் இரு. பஞ்சு எடுத்து வைத்திருக்கிறேன். அவளைத் தூக்கிய கை உன்னுடையதுதான், நீயே உன் கையால் அடை. அடைத்துத் தைத்து ஒரு தடவை என் தோளில் சாய்த்து, இவ்வளவு கனம்தாம்மா இருந்தா என்று சொல்லு.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா