பெல்ட் இல்லாத சுவர்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே சுகம்தான். ரப்பர் பால் வெட்டுக்காக ஆரியங்கோட்டில் உங்கள் அண்ணன் வீட்டில் நிற்கிறீர்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். "இந்த மழையில என்ன வெட்டு?" என்று பக்கத்து வீட்டு ஷைனா சிரித்தாள்.

சபைக் கமிட்டி நேற்றும் வந்தது. ஞாயிறு பள்ளிக்கு மாடி கட்ட அனுமதி கொடுக்காததற்கு, வார்டு மெம்பரான நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பூமி அதிர்ந்தால் தாங்காது என்பதால், சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் இல்லாத கட்டடத்தில் மாடி ஏற்றக் கூடாது என்பது பஞ்சாயத்துத் தீர்மானம். அதைக் கொண்டுவந்தவளே நான். உங்கள் அப்பா பெயரில் கட்டும் மாடி என்பதற்காகவோ, நீங்கள் கோபித்துக்கொண்டு போனதற்காகவோ அதை வளைக்க முடியாது.

"இஞ்ச எப்பளாக்கும் பூமி குலுங்கினது?" என்றார் செயலாளர் வேதமாணிக்கம்.

"குலுங்கின பொறவு தீர்மானம் போட எல்லாருக்கும் தெரியும்" என்றேன். காப்பி குடிக்காமல் போனார்கள்.

நம் வீடு கட்டும்போது பெல்ட் எதற்கு என்று கொத்தனார் முணுமுணுத்தபோது, "எனக்க பிள்ளைய கெடந்து உறங்குற வீடாக்கும்" என்று அதட்டியது நீங்கள். பஞ்சாயத்தில் நானும் அதையேதான் சொன்னேன். பிள்ளைகள்தான் கொஞ்சம் கூடுதல்.

ஞாயிறு பள்ளியின் சுவருக்குப் பெல்ட் போட்டுப் பலப்படுத்தும்வரை வகுப்பு நம் முன்னறையில் நடக்கும். இடம் போதாததால் உங்கள் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். வந்தால் அங்கே படுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன், உங்களிடமும்.

உங்கள் மனைவி,
வார்டு மெம்பர்