மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம்

டாக்டர், அப்பாவின் வெள்ளைச் சட்டையில் அந்துருண்டை வாசம் அடிக்கிறது. உங்கள் இறுதிச் சடங்குக்குப் போக எடுத்து வைத்திருக்கிறார். பொத்தான்களை நான்தான் போட்டுவிட வேண்டும். அவர் வலது கையால் அது முடியாது. அதற்குக் காரணம் நீங்கள்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பா வாய் திறக்கமாட்டார் என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஒரு திங்கட்கிழமை, பூன் லே பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஜூரோங்கில் இருந்த உங்கள் கிளினிக்குக்கு வந்தோம். கப்பல் பட்டறையில் துரு சுரண்டும் இயந்திரத்தை நாள் முழுக்கப் பிடித்து அவர் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அன்று காலை கோப்பிக் குவளை கையிலிருந்து நழுவி உடைந்ததை நான்தான் சொன்னேன். நீங்கள் கணினியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“திங்கட்கிழமை மட்டும்தான் மரத்துப்போகுமாண்ணே? எம்.சி. போட்டு மெடிக்கல் லீவு வேணும்னா நேரா கேளுங்க லா.”

அப்பா சிரித்தார். வேலை போய்விடுமோ என்று பயந்தவரின் சிரிப்பு. தைலம் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் கையை நீங்கள் தொடவே இல்லை. கடைசியில் வேறொருவர் அறுவை சிகிச்சை செய்தபோது, நரம்பு நசுங்கி வருடங்கள் ஆகியிருந்தன. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது.

கைகளுக்கான சிகிச்சையைப் படிக்க வந்தது சேவை செய்யத்தான் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். பொய்.

சென்ற ஆண்டு, சிராங்கூன் சாலைக்கு அருகே நான் வேலை பார்க்கும் இடத்துக்கு நீங்களே வந்தீர்கள். விரல்கள் மரத்துப்போகின்றனவாம். உங்கள் கட்டைவிரலின் அடியை அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டில் நரம்பு ஓடும் இடத்தைத் தட்டினேன். பிறகு, இரண்டு புறங்கைகளையும் ஒட்டி மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். அதிகபட்சம் ஒரு நிமிடச் சோதனை. அரை நிமிடத்திலேயே உங்கள் முகம் சுருங்கியது. பதில் கிடைத்துவிட்டது, விட்டிருக்கலாம். விடவில்லை.

“எறும்பு ஊறுற மாதிரி இருக்கும்மா. போதுமா?”

“இன்னும் கொஞ்சம், டாக்டர். திங்கட்கிழமை மட்டும்தான் மரத்துப்போகுதா?”

நீங்கள் சிரித்தீர்கள். எதுவும் நினைவில்லை உங்களுக்கு. கை இன்னொருவர் பிடியில் இருக்கும்போது வரும் சிரிப்பு அது, அப்பாவின் சிரிப்பேதான். அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லி நேருக்கு நேர் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை.

நேற்று செய்தி வந்ததும் அப்பா சொன்னார்: “பாவம்மா, தங்கமான மனுஷன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு.”

அதற்காகவும் உங்களை மன்னிக்கப் போவதில்லை.

பட்டறையிலிருந்து யார் வந்தாலும், அவர் கையைப் பிடித்துப் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அதில் அக்கறை எவ்வளவு, உங்கள் மேலுள்ள ஆத்திரம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

கடைசிப் பொத்தானையும் போட்டாயிற்று. நானும் வருகிறேன். அப்பா உங்கள் முன் நின்று கைகூப்புவார். கட்டைவிரலடியிலுள்ள அந்தப் பள்ளம் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். இப்போதும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.