முன்வரிசை

சுசி,

நீ போனை எடுக்கமாட்டேங்கிற, அதான் எழுதறேன். நாளைக்கு மட்டும் உங்க கம்பெனி கேட்டுக்கு வராதே. ஸ்ட்ரைக்கை விடச் சொல்லலை.

பட்டாளத்துல இருந்தவன்னுதான் எனக்குப் போலீஸ் வேலை சீக்கிரம் கிடைச்சுது. அந்தச் சந்தோஷத்துல குந்தாரப்பள்ளிச் சந்தையில பார்த்தவங்களுக்கெல்லாம் மைசூர்பாகு குடுத்தியே. பட்டாளத்துல இருந்தவன்கிற அதே காரணத்துக்காகத்தான் இன்ஸ்பெக்டர் என்னை முன்வரிசையில நிறுத்தறார்.

இன்னிக்குக் காலையில கூட்டத்தைத் தடுத்து நிக்கச் சொல்லித்தான் ஆர்டர். ஒரு கல்லு வந்து விழுந்துச்சு. பட்டாளத்துல பழகின கை, நான் யோசிக்கிறதுக்குள்ள லத்தியை வீசிடுச்சு.

உங்க எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, முகத்தைச் சுத்தித் துப்பட்டா. யார் யாருன்னே தெரியலை. விழுந்தவளோட துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். நீ இல்லை. அப்பாடான்னு வாய்விட்டே சொல்லிட்டேன், சுசி.

அது அவளுக்குக் கேட்டுடுச்சு.

உன் பட்டாளத்துக்காரன்