முதல் போட்டவள்

அன்புள்ள அம்மாவுக்கு, கிருபா எழுதுவது. எஸ்டேட்டில் மழை விட்டதா? உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

பீளமேட்டு ஆபீசில் நேற்று, புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு ஒரு வகுப்பு. வேலை செய்கிறவர்களை அந்தக் காலத்தில் கூலி என்றார்களாம், அப்புறம் மனித வளம் என்றார்களாம், இப்போது மனித மூலதனமாம். வகுப்பு முடிந்ததும் மேனேஜர், "உங்க மேல முதல் போட்டிருக்கோம் அம்மணி, மூணு வருஷத்துக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"முதல் போட்டது கொழுந்து பறிக்கிற எங்கம்மாங்க. அவங்களே என்னையக் கட்டிப்போடலீங்க" என்று சொல்லி, சர்டிபிகேட்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வேலை போனால் வேறொன்று, பயப்படாதே. இங்கே ஏசி வால்பாறையை விடக் குளிர்கிறது. உன் பழைய சுவெட்டரை பஸ்ஸில் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம். திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டுதான் போவேன்.

கிருபா