வாசலில் தொடங்கும் கோடு

நம் மகளின் அப்பாவுக்கு,

கடைக்காரி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மகள் நலம், கடையும் நலம். காற்றடிக்கும் பம்புக்கு மட்டும் மூச்சிரைப்பு. உங்கள் நலத்தை நான் கேட்கப்போவதில்லை. நன்றாகவே இருக்கிறீர்கள் என்று படத்தில் பார்த்துவிட்டேன். படத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால், நான் முக்கியமானதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். மழை விட்டதும் நம் கடைக்கு டயர் மாற்ற வருவாரே தாடிக்காரத் தம்பி, சக்கரத்தைவிட வாய் வேகமாக ஓடுமே, அவர் மறுபடி உங்கள் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறார். கதவுச் சந்தில் செருகாமல் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. தரைப்பாலத்தின் ஒரு ஓரத்தை இந்த வருடமும் ஆறு தின்றுவிட்டது. மதகு வரைக்கும் சரளையெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. ஓட்ட வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டுமாம். பக்கத்திலேயே நல்ல தார்ச்சாலை இருக்க, கல்லிலும் மணலிலும் எலும்பு குலுங்கப் போய், முகமெல்லாம் சேறாக வந்து நின்று, சொர்க்கம்க்கா என்கிறார்கள். அப்புறம் எதுக்குப்பா இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு நிக்கற என்று கேட்டு டீயைக் கொடுக்கிறேன். இந்தப் பைத்தியத்தை இங்கே பரப்பியவர் நீங்கள். ஆற்றோரமாகவே போய், பள்ளத்தாக்கில் இறங்கி, கடலைத் தொடுகிற வழியை முதலில் ஓட்டி, மற்றவர்களும் பார்த்து ஓட்டும்படி போனில் கோடாக வரைந்தவர் நீங்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடற்கரைப் பக்கம் வழி வரையச் சைக்கிள் சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் உங்களைக் கூப்பிட்டபோதும் பெருமைதான். ஒரு கோடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அங்கே கோடை ரொம்ப நீளம் போலிருக்கிறது. இங்கே அதற்குள் மூன்று மழைக்காலம் வந்து போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை விடிந்ததும் நம் மகள் சைக்கிளில் கிளம்புகிறாள். உங்களிடம்தான் வருகிறாள். நீங்கள் கடைசியாக வரைந்த வழி இருக்கிறதே, கடற்கரையில் தொடங்கி, முகத்துவாரத்தில் ஆற்றைப் பிடித்து, பள்ளத்தாக்கு முழுக்க ஏறி நம் தரைப்பாலத்தில் வந்து முடிவது, அதைத் தலைகீழாக ஓட்டப்போகிறாள். நீங்கள் எங்கே தொடங்கினீர்களோ அங்கே போய் முடிக்க வேண்டுமாம். அப்பா கதவைத் தொறக்கறப்போ நான் வாசல்ல நிக்கணும்மா, அவர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும் என்கிறாள். எனக்கும் பார்க்க ஆசைதான்.

உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

ஒரு மாதமாகக் கடையில் எனக்கு நிற்க இடமில்லை. அகல டயர் போட்டாள், பிரேக்கைப் பிரித்து மாட்டினாள். கைப்பிடிக்கு நாடா சுற்றினாள், அதுவும் நீங்கள் சுற்றுகிற மாதிரியே, நுனியில் முடிச்சுப் போட்டு ஒரு சின்ன வால் தொங்கவிட்டு. வால் எதுக்குடி என்று கேட்டால், வால் இல்லன்னா அது அப்பா சுத்தினது இல்லம்மா என்கிறாள். உங்கள் சிவப்பு மழைக்கோட்டைத் துவைத்துப் பையில் வைத்திருக்கிறாள். கைக்கு வந்த ஆபீஸ் வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இனி உங்களோடு சேர்ந்து வழி வரையப் போகிறாளாம். அதைக் கேட்கத்தான் வருகிறாள்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

துறைமுகத்தில் கம்பெனிக் கொட்டகையில் எட்டு ஆண்களோடு தங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். ராத்திரியெல்லாம் குறட்டை, தூக்கமே இல்லை என்று அழுதீர்கள். ஐயோ பாவம் என்று காதில் வைக்கப் பஞ்சு வாங்கி அனுப்பினவள் நான். அந்தப் பஞ்சு என்ன ஆயிற்று?

உங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் கிளம்பும்போது, ஷூ கட்டுவதற்கு முன்னாலேயே, வாசற்படியில் நின்று போனில், போகிற வழியைக் கோடாகப் பதிகிற அந்தப் பொத்தானை அழுத்திவிடுவீர்கள். படியிலேயே அழுத்தாவிட்டால் வழி நொண்டும் என்பீர்கள். அதனால்தான் உங்கள் பழைய வழிகள் எல்லாமே நம் கடை வாசலில், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் தொடங்கும். தாடிக்காரத் தம்பி போனில் விரித்துக் காட்டுவார். எனக்கு எழுத்துதான் தடவும், கோடு நன்றாகவே ஓடும்.

புது வழியையும் அவர் ஓட்டிவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக, ஏன்க்கா, அங்கயும் வீடு வாங்கிட்டீங்களா, சொல்லவே இல்லியே என்றார். கோடு துறைமுகப் பக்கமே போகவில்லை. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு பச்சைக் கேட்டுக்குள்ளிருந்து புறப்படுகிறது. ஓட்டுகிறவர்கள் தொடங்கும் இடத்தைப் படம் பிடிப்பார்களே, அவரும் பிடித்து வைத்திருந்தார். பூந்தொட்டிகள். கொடியில் உங்கள் கோடு போட்ட துண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு நைட்டி. எட்டு ஆண்களில் யார் அதைப் போடுகிறார் என்று நான் கேட்கமாட்டேன், கடல் காற்றுக்கு வசதியாக இருக்கும். சுவரில் உங்கள் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதை ஒட்டினாற்போல ஒரு குட்டிச் சைக்கிள், பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்தது. அதன் கைப்பிடியில் ஆரஞ்சு நிற நாடா. நுனியில் முடிச்சு. வால்.

அந்த வாலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. தம்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

யார் பெற்ற பிள்ளையோ, எப்போது பெற்ற பிள்ளையோ, நான் கணக்குப் போடவில்லை. கணக்கில் நான் எப்போதுமே மட்டம். ஒன்று மட்டும் ஆச்சரியமாக இருக்கிறது. குறட்டை முதற்கொண்டு எல்லாவற்றையும் அழகாக ஜோடித்துச் சொன்னீர்கள், கோட்டை மட்டும் மறந்துவிட்டீர்கள். வாயால் இவ்வளவு சொல்லத் தெரிந்த மனிதருக்குப் பொய்யாக ஒரு வழி வரைய வரவில்லை.

படத்தை என் கண் முன்னாலேயே தம்பி அழித்துவிட்டார். மகளிடம் கோடு இருக்கிறது, படம் இல்லை. கோடு தொடங்கும் இடம்தான் கம்பெனிக் கொட்டகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேராக அங்கேதான் வந்து நிற்பாள். போகாதே என்று நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. வழியில் பாலம் உடைந்திருக்கிறது என்றேன். தூக்கிட்டுப் போவேன் என்றாள். உங்கள் பிள்ளைதானே.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முகத்துவாரத்துக்கு வந்துவிடுங்கள். ஆற்றோரப் பாதை முடிந்து, சைக்கிளைப் படகில் ஏற்றி அக்கரைக்குப் போக வேண்டிய இடம். அவள் அதைத் தாண்ட வேறு வழி கிடையாது, வரைந்தவருக்குத் தெரியாததா. இக்கரையிலேயே நில்லுங்கள். வழியைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். கூட ஒரு பொய் சொல்ல உங்களுக்கு என்ன சிரமம்? அவளைக் கண்டதும் அசந்துபோங்கள், நன்றாக வாயைப் பிளந்து. அவள் பார்க்க ஆசைப்பட்ட மூஞ்சியை அங்கேயே காட்டிவிடுங்கள். வயிறு நிறைய வாங்கிக்கொடுத்து, அவளோடு இந்தப் பக்கம் திரும்பி வாருங்கள்.

அவளுக்குத் தெரியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியட்டும். நீங்களே சொல்லுங்கள், இங்கே, அவள் வளர்ந்த வீட்டில், அவளை உட்காரவைத்து. இரண்டு நாள் மேடும் பள்ளமும் ஏறி, கை மரத்து, சேறும் சிரிப்புமாக வந்து, அந்தப் பச்சைக் கேட்டுக்கு வெளியே நின்று, அந்த வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். அவள் என்னை மாதிரிச் சிரிக்கமாட்டாள்.

எனக்காக வருகிறோமோ என்று சங்கடப்பட வேண்டாம். வாசலில் உங்கள் சைக்கிளை மாட்டுகிற கொக்கியில் இப்போது துடைப்பம் மாட்டியிருக்கிறேன். கச்சிதமாகப் பொருந்துகிறது.

டயரில் காற்று இறங்காமல், காலில் கல் குத்தாமல், எந்த வாசலிலிருந்து புறப்பட்டாலும் நன்றாக இருங்கள். என் பிள்ளையை உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன். இந்த ஒன்றிலாவது உங்களை நம்பினேன் என்று இருக்கட்டும். முகத்துவாரத்துக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா

பி.கு.: அந்தக் குட்டிச் சைக்கிளுக்கு இடது பக்கத்துச் சின்னச் சக்கரம் தளர்ந்திருக்கிறது. படத்திலேயே தெரிந்தது. முறுக்கிவிடுங்கள். குழந்தை விழுந்துவிடப் போகிறது, அதற்கு என்ன தெரியும் பாவம்.